கடல் சிங்கத்துக்குக் கண் மருந்து

மூக்கு நுனியில் பந்தை நிறுத்தி, துடுப்பால் 'படபட'வென்று தட்டும் பிராணியை டி.வி.யில் பார்த்து நம் குழந்தைகள் 'சீல், சீல்' என்று குதிக்கிறார்களே, அது சீல் இல்லை; கடல் சிங்கம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காது மடல்தான் அடையாளம். சீலுக்கு அது கிடையாது. கலிபோர்னியா கடற்கரை இதற்குச் சொந்த ஊர். அங்குள்ள காட்சிப் பூங்காக்களில் இதை வளர்க்கும் விதத்தைப் படித்தபோது, 'அட, நம்ம வீட்டு விவகாரம் மாதிரியே இருக்கே!' என்று தோன்றியது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ எடையுள்ள பெண் கடல் சிங்கத்துக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 8 கிலோ மீன் வேண்டும். ஆண் 300 கிலோவுக்கு மேலும் வளரும். அம்மாடி! மீனும் கணவாயும் ஐஸில் உறைந்து வரும். முந்தின ராத்திரியே குளிர் அறையில் வைத்து மெதுவாக இளக விடவேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் கெட்டுவிடும். வயிறு கிழிந்த மீனும் வாடை வந்த மீனும் குப்பைக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் தனி வாளி, நிறுத்த அளவு. எது எவ்வளவு தின்றது என்று நோட்டில் எழுதி வைப்பார்கள்.

உறைந்த மீனில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் பி1 வைட்டமின் குறைந்துபோகும். சில மீன்களில் அதை அழிக்கிற பொருளே இருக்கிறது. சத்து குறைந்தால் நரம்பு கெட்டு வலிப்பு வரைக்கும் போகும். அதனால் மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுக்கிறார்கள். நாம் வாழைப்பழத்துக்குள் ஒளிப்போமே, அதேதான்.

பயிற்சிக்கு அடி, மிரட்டல் எதுவும் உதவாது. கோல் நுனியிலுள்ள பந்தை மூக்கால் தொட்டால் உடனே விசில், பின்னாலேயே மீன். 'சரியாச் செஞ்சே' என்பதுதான் விசிலுக்கு அர்த்தம். தப்பு செய்தால் திட்டுவதில்லை. பயிற்சியாளர் சில விநாடி சும்மா நிற்பார், அப்புறம் மறுபடி ஆரம்பிப்பார். முரண்டு பிடித்தது என்று சாப்பாட்டை நிறுத்தவும் கூடாது. வேலை செய்தால்தான் சோறு என்று பட்டினி போட்டு வாங்குகிற வித்தையை நான் வித்தை என்றே சொல்லமாட்டேன்.

பந்து வித்தையைவிட எனக்குப் பிடித்தது வேறு. டாக்டர் வந்தால் 'ஆ' என்று வாயைத் திறக்கிறது, தராசில் ஏறி நிற்கிறது, ரத்தம் எடுக்க அசையாமல் படுக்கிறது! ஊசி இல்லாத சிரிஞ்சைக் காட்டி மீன் கொடுத்து, பிறகு அதைத் தோலில் வைத்து மீன் கொடுத்து, கடைசியில்தான் ஊசியாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே அலறுகிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம்.

கவலைப்பட வேண்டியது கண்ணைப் பற்றித்தான். அடைத்து வளர்க்கும் கடல் சிங்கங்களுக்குக் கருவிழிப் புண்ணும் புரையும் அடிக்கடி வருகின்றன. வெளிர் வண்ணம் பூசிய தொட்டியில் வெயில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். மேலேயிருந்து நீட்டுகிற மீனுக்காகச் சூரியனையே அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கும். போதாக்குறைக்குக் குளோரின் வேறு. மேலே நிழல் போடவேண்டும், ஆளும் வெயிலுக்கு எதிரே நிற்காமல் இடம் மாறி நிற்கவேண்டும். அதற்குக்கூடச் செலவு பார்க்கிறவர்கள் டிக்கெட் விற்கக்கூடாது என்பேன். உள்ளங்கையில் தாடையை வைத்துக் கண் மருந்து விட்டுக்கொள்ளவும் அதைப் பழக்கி வைப்பது நல்லது.

சாப்பாட்டில் மனசு போகாவிட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். குரோனட் என்ற ஆண் கடல் சிங்கத்துக்கு அப்படித்தான் பசி போய் எடையும் குறைந்தது. கடல் பாசியிலிருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து வந்த விஷத்தால் மூளை பழுதாகி வலிப்பு வந்துகொண்டிருந்தது. கடலில் விட்டால் பிழைக்காது என்று கலிபோர்னியாவில் வலேஹோ ஊர்ப் பூங்காவில் வைத்துக் காப்பாற்றினார்கள். மருந்து கேட்காத நிலையில், 2020 அக்டோபரில் பன்றிக் கருவிலிருந்து எடுத்த செல்களை அதன் மூளையில் செலுத்தினார்கள். ஓராண்டு கழித்தும் வலிப்பு திரும்பவில்லை. பழையபடி மீனைக் கேட்டு வாங்கித் தின்றதாம்!