ஆசிரியரின் நேரத்தைக் களவாடும் புத்தாக்கம்

புத்தாக்கம், தொழில் முயற்சியாண்மை என்ற இரண்டு சொற்களும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இப்போது மந்திரம்போல் ஓதப்படுகின்றன. ஓதுவோர் பெரும்பாலும் கல்லூரித் தலைவர்களும் கொடையாளர்களுமே. வகுப்பறையில் நிற்பவரை இதுபற்றி எவரும் கேட்பதில்லை.

முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் 1794 இல் தொடங்கிய அரச ஆயுதத் தொழிற்சாலை 1968 இல் மூடப்பட்டது. அந்த வளாகத்தில்தான் இன்று ஒரு தொழில்நுட்பச் சமுதாயக் கல்லூரி இயங்குகிறது. சமுதாயக் கல்லூரிகளின் தொழில் முயற்சியாண்மைக்கான தேசியச் சங்கம் 2002 இல் பிறந்ததும் அங்கேயே. துப்பாக்கி செய்த இடத்தில் தொழில் தொடங்கக் கற்பிக்கிறார்கள். நல்ல மாற்றந்தான். ஆனால் அதே தொழிற்சாலையில் சம்பளத்துக்கு உழைத்த ஜோன் கரண்ட் என்பவர் உருவாக்கிய துப்பாக்கி இலட்சக்கணக்கில் உற்பத்தியாகியும், அவருக்கு உரிமப் பணமாக ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

2015 முதல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றமும் சமுதாயக் கல்லூரிகளின் சங்கமும் இணைந்து மாணவருக்கான புத்தாக்கப் போட்டியொன்றை நடத்தி வருகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருக்கவேண்டும். யார் அந்த ஆசிரியர்? இக்கல்லூரிகளில் கற்பிப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரத்தவர்கள். பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று. இருக்க ஓர் அறைகூட இல்லாதவர் பலர். முழுநேரத்தவருக்கோ பருவமொன்றுக்கு ஐந்து பாடங்கள் என்பது வழமையான சுமை. விடைத்தாள் திருத்தி முடிந்தபின், நள்ளிரவிலா மாணவனின் மாதிரிப் பொறியைப் பார்த்துத் திருத்தச் சொல்வது? சம்பளமில்லா உழைப்புக்கு 'அர்ப்பணிப்பு' என்று பெயர் சூட்டுவது முதலாளிகளின் பழைய தந்திரம். அதைக் கல்விக்கூடங்களும் கற்றுக்கொண்டுவிட்டன.

மாணவர் நிலை இன்னும் மோசம். 'தோல்விக்கு அஞ்சாதீர்கள்' என்று அவர்களுக்கு உபதேசிக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தோல்வி ஓர் அனுபவம். இரவில் பண்டகசாலையில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருபவனுக்கு அது இரண்டு மாத வாடகை நிலுவை. கடன்படாமல் முதல் மாதிரியைச் செய்துபார்க்கச் சிறு தொகையும், மாலையிலும் திறந்திருக்கும் பட்டறையும் கொடுங்கள். பிறகு துணிவைப் பற்றிப் பேசலாம்.

இதில் தமிழருக்கும் பங்குண்டு. ஒன்ராறியோவின் முதலாவது சமுதாயக் கல்லூரியான சென்ரெனியல் 1966 இல் தொடங்கியது, இன்று எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவில்தான். ஆயினும் பிள்ளை பல்கலைக்கழகம் போகவில்லை, கல்லூரிக்குத்தான் போகிறான் என்று சொல்லும்போது எத்தனை பெற்றோரின் குரல் தாழ்கிறது! இலங்கையிலும் தொழில்நுட்பக் கல்லூரி என்றால் உயர்தரப் பரீட்சையில் தவறியவர் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் போகவில்லை. 'வேலை தேடாதீர்கள், வேலை வழங்குபவராகுங்கள்' என்ற உரையைச் சான்றிதழ் வழங்கும் விழாக்களில் செய்தியாளனாக இருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேசியவர் எவரும் பட்டறைப் பக்கம் எட்டிப்பார்த்ததை நான் கண்டதில்லை.

கேட்பது பெரிதல்ல. வழிகாட்டும் ஆசிரியருக்குப் பருவத்துக்கு ஒரு பாடத்தைச் சம்பளக் குறைப்பின்றிக் கழித்துவிடுங்கள். பகுதிநேரத்தவர் மாணவருடன் செலவிடும் மணிக்குக் கூலி கொடுங்கள். உருவாகும் பொருளில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன உரிமை என்பதை வேலை தொடங்கமுன் எழுத்தில் தாருங்கள். பணம் இல்லையென்று சொல்லும் நிர்வாகிகள், அடுத்த புத்தாக்க விழாவின் மேடைச் செலவுக் கணக்கை ஒருமுறை வெளியிடட்டும்.