யார் செய்த பாவம்?

சென்ற மாதம் அன்பர் ஒருவர் இல்லத் திருமணத்துக்காக ஜார்ஜ் டவுன் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்ததும் மணமக்களை வாழ்த்த ஒரு சமயப் பெரியவர் மேடை ஏறினார். பெயர் வேண்டாம், ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வாழ்த்து இரண்டு நிமிடத்தில் முடிந்தது. உலகம் கெட்டுப்போன கதை இருபது நிமிடம் நீண்டது. பெண் பிள்ளைகளின் உடையில் தொடங்கி, கோயிலுக்கு வராத இளைஞர்களைத் தொட்டு, கடைசியில் கடலுக்கு வந்து சேர்ந்தார். "2004ஆம் ஆண்டு இதே பினாங்குக் கடல் ஏன் பொங்கியது? பாவம் மிகுந்தது, ஆண்டவன் சாட்டையை எடுத்தான்!" என்று கையை ஓங்கிக் காட்டினார். சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

நமக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த முதியவர் எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பாட்டுப் பந்திக்கும் அவர் திரும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் தம் அக்காளின் பேரனைப் பறிகொடுத்தவர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. பையனுக்கு வயது ஒன்பது. ஒன்பது வயதில் ஆண்டவன் சாட்டையெடுக்கும்படி என்ன பாவம் செய்துவிட முடியும்? இந்தக் கேள்வியை அன்று அந்த மேடையில் நாம் கேட்டிருக்க வேண்டும். கல்யாண வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டோம். அந்தக் கூச்சத்துக்குப் பரிகாரமாகத்தான் இன்று பேனாவை எடுத்தோம்.

அன்று நடந்தது என்ன? 2004 டிசம்பர் 26, ஞாயிறு. நம் நாட்டு நேரப்படி காலை 9 மணிக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாக, சுமத்திராவுக்கு மேற்கே கடலுக்கடியில் நிலம் பிளந்து நகர்ந்தது. பூமியின் மேலோட்டில் ஒரு பாளம் இன்னொரு பாளத்தின் அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த இடம் அன்று விடுபட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்குக் கடலின் அடித்தளம் அசைந்தது. அதன் மேலிருந்த தண்ணீர் அலையாகப் புறப்பட்டது. அச்சே கரையை அது அரைமணி நேரத்துக்குள் அடைந்தது. புக்கெட்டை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தொட்டது. பினாங்குக்கு வந்தபோது பகல் ஒரு மணி கடந்திருந்தது. அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல்! புக்கெட்டில் மக்கள் மாண்ட பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பினாங்குக் கரையில் குழந்தைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை நாள், சோற்றுப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்த ஏழை எளிய மக்கள். "கரையை விட்டு ஏறுங்கள்" என்று சொல்ல ஒரு மணியில்லை, ஒரு சங்கில்லை. பினாங்கு மாநிலத்தில் 52 பேர், நாடு முழுவதும் 68 பேர் மாண்டார்கள்.

பசிபிக் பெருங்கடலுக்கு எச்சரிக்கை நிலையம் ஒன்று 1949 முதல் ஹவாயில் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. பணக்கார நாடுகளின் கடலுக்குக் காவலாளி உண்டு, நம் கடலுக்குக் கிடையாது என்பதே அன்றைய நிலை. 2004க்குப் பிறகுதான் அரசாங்கங்கள் கூடிப் பேசின. 2011இல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்தக் கடலுக்குப் பொறுப்பேற்றன. நம் கடற்கரைகளிலும் அபாயச் சங்குகள் வந்தன. அந்தச் சங்கு முன்பே இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு இப்போது கல்யாண வயது கடந்திருக்கும். ஆண்டவன் சாட்டையெடுத்தான் என்று சொல்லிவிட்டால், சங்கு ஏன் இல்லை என்று யாரைக் கேட்பது?

நிற்க. இந்தச் சாட்டைப் பேச்சு படிப்பறிவில்லாதவர்களுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். நாமெல்லாம் கும்பிடும் ஒரு பெரியவரே இதைச் சொல்லியிருக்கிறார். மகாத்மா காந்திதான் அவர்.

1934 ஜனவரி 15ஆம் தேதி பட்டப்பகலில் பீகாரில் பூமி குலுங்கியது. முங்கேரும் முசாபர்பூரும் மண்மேடாயின. நேபாளத்தில் காட்மண்டுப் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காந்தியடிகள் அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். 24ஆம் தேதி திருநெல்வேலிக்கு வந்தார். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறிய சீமை அது. அங்கே கூடிய மக்களிடம், பீகார் பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்காக ஆண்டவன் அனுப்பிய தண்டனை என்று பேசினார்.

தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. தோட்டத்து லயத்திலும் இந்த நோய் கப்பலேறி வந்ததுதானே. இன்ன சாதி வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றவர்களைப் பற்றி நம் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் காரியம் நல்லது என்பதற்காகக் காரணம் பொய்யாக இருக்கலாமா? பீகாரில் இடிந்த சுவரின் கீழ் செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும் இருந்தார்களே! அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே தண்டனையா? தீண்டாமை தலைவிரித்தாடிய திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஓடுகூட அசையாமல் இருக்க, வடக்கே முங்கேர் மட்டும் ஏன் இடிய வேண்டும்?

எழுந்து மறுத்தவர் இரவீந்திரநாத் தாகூர். 1927இல் மலாயாவுக்கு வந்து பினாங்கையும் பார்த்துச் சென்ற அதே கவிஞர். தீண்டாமை எதிர்ப்பில் காந்தியடிகளின் பக்கம் நின்றவர்தான். 1932இல் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் முடித்தபோது அருகில் இருந்தவர். ஆயினும் இதை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. இயற்கையில் நேரும் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும் என்றார். இந்த வாதத்தை எதிராளிகள் இன்னும் எளிதாகக் கையாளலாம், பூகம்பத்துக்குக் காந்தியடிகளையே காரணம் என்று சொல்லிவிடலாம் என்றும் சுட்டிக்காட்டினார்.

அப்படியே நடந்தது. கோயில் கதவைத் திறக்கச் சொன்னாரே, அந்தப் பாவம்தான் பூமியைப் பிளந்தது என்றார்கள் சனாதனிகள். ஒரே பூகம்பம், இரண்டு குற்றப்பத்திரிகை! ஒருவருக்குத் தீண்டாமை பாவம், மற்றவருக்குத் தீண்டாமை ஒழிப்பு பாவம். அவரவர் நெஞ்சில் முன்பே எழுதி வைத்திருந்த தீர்ப்பை ஆண்டவன் வாயில் போட்டார்கள். அந்த ஏப்ரலில், பீகாரின் தேவ்கர் பக்கத்தில், காந்தியடிகள் சென்ற காரையே தாக்கினார்கள். ஆண்டவன் யார் பக்கம் என்பதைத் தடிதான் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

காந்தியடிகள் தம் சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. தம்மால் மெய்ப்பிக்க முடியாது, ஆனால் தமக்கு நம்பிக்கை என்றார்; நம்பிக்கை தவறாகவே இருந்தாலும் மக்களைத் தூய்மைப்படுத்தத் துணை செய்யும் என்றார். நமக்கு இது பொருந்தவில்லை. என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாகூரின் மறுப்பை அவர் மறைக்கவில்லை. தம் 'ஹரிஜன்' ஏட்டிலேயே அச்சிட்டு, பிறகு பதில் எழுதினார். பீகாருக்கும் நேரில் போனார். இன்று மேடையில் கையை ஓங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த மனம் உண்டு?

அதற்குப் பின் நடந்தவற்றைப் பாருங்கள். சுனாமி வந்தபோது, அதற்கு முந்திய மாதம் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானதால்தான் கடல் சீறியது என்று தமிழ்நாட்டில் ஒரு பேச்சு உலவியது. அந்த வழக்கில் அவர் 2013இல் விடுதலையானார், அது வேறு. போலீஸ்காரர் கைது செய்ய, நாகப்பட்டினத்து மீனவன் ஏன் சாக வேண்டும்? அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர் மாண்டார்கள். வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிட வந்தவர்களையும் அலை விட்டுவைக்கவில்லை. அலை சாதி பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு திறந்த நிவாரண முகாம்களில் தலித் மக்களை ஒதுக்கி வைத்த கொடுமை பதிவாகியிருக்கிறது. பாவம் எது என்று அங்கே தேடியிருக்கலாம்.

நம் நாட்டிலும் உண்டு. 2015 ஜூன் 5ஆம் தேதி கினபாலு மலையில் பூமி அதிர்ந்து 18 பேர் இறந்தார்கள். சில நாள் முன்பு அந்த மலையுச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் ஆடை களைந்து படம் பிடித்துக்கொண்டார்கள். அதனால் மலைத் தெய்வம் சினந்தது என்று சபாவின் துணை முதலமைச்சராக இருந்த ஜோசப் பைரின் கித்திங்கானே சொன்னார். மூதாதையர் உறையும் மலையென அந்த மக்கள் போற்றும் இடத்தில் அப்படி நடந்தது இழிசெயல்தான். நீதிமன்றம் தண்டித்தது, சரி. ஆனால் ஆடை களைந்தவர்கள் உயிரோடு ஊர் திரும்பினார்கள். செத்தவர்கள் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும், அவர்களுக்கு வழிகாட்டப் போன மலைத் தொழிலாளிகளும்.

பினாங்கிலேயே, காரணத்தை ஆண்டவனிடம் தேடாமல் மனிதரிடம் தேடியபோது கிடைத்தது என்ன? 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. பினாங்கில் குவான் யின் அம்மன் ஊர்வலம். இரு சமயத்துப் பக்தர்களும் நெருக்கியடித்து நின்ற கூட்டம் அது. சாமி பார்க்கப் போனவர்களைச் சாமியே தண்டித்தது என்று எவரும் சொல்லத் துணியவில்லை. அரச விசாரணைக் குழு அமர்ந்து, இரும்பையும் கட்டுமானத்தையும் பார்த்தது. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 கட்டுமானத் தொழிலாளிகளை மூடியது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாநில விசாரணைக் குழு, அது மனிதர் பிழையால் நேர்ந்தது, தடுத்திருக்கலாம் என்றது. இரண்டு வாரம் கழித்துப் பெருமழையும் வெள்ளமும் வந்து ஏழு உயிர் போயிற்று. பெய்வது மழைதான், எந்தச் சரிவை யார் வெட்டினார்கள், எந்தக் கால்வாயை யார் தூர் வாராமல் விட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த ஆளுக்குத்தான் 'தெய்வக் குற்றம்' என்ற சொல் இனிக்கிறது.

இனி நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த தோட்டம் ஒன்றில், லயத்துக்குப் பின்னால் ஐந்து பழைய மரங்கள் நின்றன. அடியில் கறையான், உள்ளே கூடு. வெட்டித் தாருங்கள் என்று தொழிலாளர் கேட்க, ஆபீசுக்கு மூன்று கடிதம் போயிற்று. மூன்றையும் தட்டச்சு செய்தது நாமே. அவற்றைக் கோப்பில் கட்டி வைத்ததும் நாமே. ஒருநாள் இரவு காற்றும் மழையும் அடித்ததில் ஒரு மரம் கடைசி வீட்டின் மேல் சாய்ந்தது. அங்கே படுத்திருந்த பால்வெட்டுத் தொழிலாளியின் கால் நசுங்கியது. வேலையில் நேர்ந்ததல்ல, வீட்டில் நேர்ந்தது என்பதால் இழப்பீடும் இல்லை.

மறுநாள் பெரட்டில் மானேஜர் சொன்னார்: "கடவுள் செயல், நாம் என்ன செய்ய முடியும்?" அந்த வாரமே வெளியூரிலிருந்து வந்த சாமியார் ஒருவர் சொன்னார்: "அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றம்." ஒருவர் காற்சட்டை, ஒருவர் காவி, பேச்சு ஒன்றுதான். பரிகார பூசைக்கு வீட்டுக்கு வீடு வசூலானது. 1,860 வெள்ளி. கால் போனவன் மனைவியும் இருபது வெள்ளி கொடுத்தாள். ரசீது எழுதிக் கணக்கு வைத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கிராணிதான். மூன்று கடிதமும் பக்கத்து அலமாரியில் இருக்க, நாம் ரசீதுப் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நான்காவது கடிதம் எழுதினோம், சங்கத்தின் பெயரால். முதல் கையெழுத்தைக் கோயில் தலைவரிடமே கேட்டோம். மறுப்பார் என்று எண்ணினோம். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "அம்மா பேரைச் சொல்லி மரத்தைக் காப்பாத்திட்டோமே தம்பி" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அவருக்குப் பின் நாற்பத்தொரு பேர்.

நின்ற நான்கு மரங்களில் இரண்டை வெட்டினார்கள். மற்ற இரண்டுக்கும் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் பட்ஜெட் இரண்டு முறை வந்து போய்விட்டது. நாமும் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டோம். அந்த இரண்டு மரங்களின் கீழே இன்றும் ஆறு குடும்பங்கள் படுத்துறங்குகின்றன. செப்டம்பர் பிறந்தால் மழை.