அட்டையும் இல்லை, புழுவும் இல்லை! ஆளைத் தெரிந்துகொண்டு மருந்து வாங்குவோம்!



ஐப்பசி மழை விட்டதும் நம் நாற்றங்காலில் என்ன நடக்கிறது? சாயங்காலம் பச்சைப்பசேல் என்று நின்ற கத்திரி நாற்று, விடிந்து பார்த்தால் மொட்டைக் குச்சி. இலையெல்லாம் ஓட்டை. ஒரு புழுவையும் காணோம். உடனே மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். "புழு வெட்டுதுங்க" என்கிறோம். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுகிறார். அடிக்கிறோம். மறுநாளும் வெட்டு. அடுத்த டப்பா! போன மழைக்கு நானும் இப்படித்தான் இரண்டு டப்பாவுக்குக் காசைக் கொட்டினேன். ராத்திரி டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது: வெட்டினது புழுவே இல்லை, ஓடில்லாத நத்தை!

நத்தை பூச்சி இனமே கிடையாது. அது சிப்பி, கிளிஞ்சல் வகையறா. பூச்சிக்கு அடிக்கிற மருந்தில் பெரும்பாலானது அதன்கிட்ட பலிக்காது. பிறகு எதற்கு அந்தச் செலவு?

ஆளை அடையாளம் காண்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

புழுவுக்குக் கால் உண்டு, இலையில் எச்சம் போடும். அட்டைக்கு உடம்பெல்லாம் வளையம், இரண்டு முனையிலும் உறிஞ்சி, கொம்பு கிடையாது. அது ரத்தம் குடிக்கும், பயிரைத் தொடாது. நத்தைக்கோ கால் இல்லை, கொம்பு நாலு. மேலே நீளமான இரண்டின் நுனியில் கண், கீழே குட்டையாக இரண்டு. குச்சியால் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது போன வழியில் கோழை காய்ந்து வெள்ளிக் கோடாக மினுங்கும். காலையில் அந்தக் கோட்டைத் தேடுங்கள்!

ஓடில்லாததிலும் வகை உண்டு. தட்டையாக, தோல் செருப்புத் துண்டு மாதிரி கறுத்துக் கிடந்து, முதுகு நடுவே வெளுத்த கோடு ஓடினால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கருநத்தை. சும்மா கிடக்கும்போது தலையைத் தோலுக்கடியில் ஒளித்துக்கொள்ளும். இன்னொரு வகைக்குக் கழுத்துக்குப் பின்னால் கேடயம் மாதிரி ஒரு தோல் மடிப்பு, அதன் வலப்பக்கம் மூச்சு விடுகிற சின்ன ஓட்டை. பழுப்புக் கீற்று போட்ட கூம்பு ஓட்டைச் சுமந்து வந்தால் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-ல் கல்கத்தாவில் கொண்டுவந்து விட்டது, இன்று நம் தோட்டம் வரைக்கும் வந்து நிற்கிறது.

எந்த நத்தையானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கலாம். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போடுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் கும்பலாகக் கிடக்கும். குச்சியால் தள்ளி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை வயலில் தூவினால் மண் கெடும். மீறிப் போனால் மெட்டால்டிஹைடு என்ற நத்தை மருந்து இருக்கிறது. நாய், கோழி, மாடு தின்றால் செத்துப்போகும், ஜாக்கிரதை!

இதையெல்லாம் வயலுக்கு வந்து சொல்ல வேண்டியது யார்? விற்கிறவரே வைத்தியராகவும் இருந்தால் வியாதி எப்படித் தீரும்? மருந்து விற்றால் ரசீது கொடுக்க வேண்டும் என்பது 1971-ம் வருஷ விதி. நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? நம்ம பேரிலும் தப்பு உண்டு.

ஆகவே கேட்கிறோம்:

1. மழைக்காலத்தில் அதிகாரிகள் வயலுக்கு வந்து, வெட்டுவது எது என்று பார்த்த பிறகே மருந்து எழுத வேண்டும்!

2. நத்தை, அட்டை, புழு வித்தியாசம் காட்டும் படத்தட்டி ஊருக்கு ஊர் வைக்க வேண்டும்!

3. நத்தை மருந்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானிய விலையில் கிடைக்க வேண்டும்!

4. ரசீது இல்லாமல் விற்கும் கடைகள் மீது நடவடிக்கை வேண்டும்!

இன்று ராத்திரியே டார்ச்சை எடுங்கள். கண்டதைப் பிடித்து ஒரு பாட்டிலில் போடுங்கள். அந்தப் பாட்டிலோடு அதிகாரியிடம் போவோம். தனித்தனியாக அல்ல, ஊராகத் திரண்டு போவோம்!