யாருக்குச் சாதகம் என்று தெரிவதற்கு முன்பே

அமெரிக்கச் செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் சக் கிராஸ்லி அவர்களுக்கு,

உங்கள் நாட்டில் லிபரல்களும் பழமைவாதிகளும் ஒருவர் வாதத்தை மற்றவர் நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அந்த அவநம்பிக்கைக்குத் தீனி போட்ட இடங்களில் உங்கள் குழுவும் ஒன்று. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இறந்தபோதும் தலைவர் நீங்கள்தான். தேர்தல் ஆண்டு, மக்கள் தீர்ப்பு வரட்டும் என்று குழுவின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டீர்கள். அந்த இடத்துக்கு அதிபர் ஒபாமா பரிந்துரைத்த மெரிக் கார்லண்டின் பெயர் விசாரணையே இல்லாமல் 293 நாள் கிடப்பில் கிடந்து காலாவதியானது. 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். அக்டோபர் 26 அன்று, தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கையில், அவர் இடத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏமி கோனி பேரட்டுக்கு 52–48 என்ற வாக்கில் ஒப்புதல் கிடைத்தது. எங்கள் கட்சி அதிபர் காலத்தில் இதே நிலை வந்தால் என் வார்த்தையை எனக்கெதிராகவே காட்டுங்கள் என்று 2016-இல் சொன்ன உங்கள் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம்தான், பேரட் விசாரணைக்குத் தலைமை தாங்கினார். ஜனநாயகக் கட்சியினரும் அப்படியே இடம் மாறினார்கள். செனட் தன் கடமையைச் செய்யட்டும் என்றவர்கள், நான்கே ஆண்டில் மக்கள் முடிவெடுக்கட்டும் என்றார்கள்.

இதை வெறும் வேஷம் என்று தள்ளிவிட முடியவில்லை. உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், லிபரல், பழமைவாத மாணவர்களிடம் நலத்திட்டங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார். ஒன்றில் உதவி தாராளம், இன்னொன்றில் கறார். தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று சொல்லப்பட்டதும், தங்கள் கொள்கைக்கு நேர் எதிரான திட்டத்தையும் இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டார்கள். கட்சி தங்களைப் பாதிக்கவில்லை என்று மறுத்தார்கள். மற்றவர்களை, குறிப்பாக எதிர்த்தரப்பினரை, அது பாதிக்கும் என்று நம்பினார்கள். அவநம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. என் சார்பு எனக்கு நியாயமாகவே தோன்றும். உன்னுடையது பச்சைப் பொய்யாகத் தெரியும். இந்த நிலையில் மனம்விட்டுப் பேசுங்கள் என்று இரு தரப்புக்கும் புத்தி சொல்லிப் பயனில்லை. யாருக்குச் சாதகம் என்று தெரிவதற்கு முன்பே விதியை எழுதிவிடுவதே வழி.

2016-இல் அதிபரும் செனட்டும் வெவ்வேறு கட்சி, 2020-இல் ஒரே கட்சி, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். அந்த வேறுபாடு உண்மையானதே. அதுதான் விதி என்றால் அதையே எழுதிவையுங்கள். மக்கள் முடிவு என்ற பெரிய பேச்சு எதற்கு? இரு தரப்பையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று லிபரல்கள் கோபப்படுவார்கள். ஒரு நியமனத்தையே முடக்கியது குடியரசுக் கட்சிதான், அந்தப் பழி சமமாகாது. ஆனால் 1992-இல் இதே குழுத் தலைவராக இருந்த ஜோ பைடன், பிரசார காலத்தில் இடம் காலியானால் நியமனத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று பேசியிருக்கிறார். பீட்டர் டிட்டோவும் சக ஆய்வாளர்களும் 2019-இல் 51 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததிலும், கட்சிச் சார்பு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது.

எழுதிய விதியையும் மாற்றிவிடுவார்களே என்பது கனமான ஆட்சேபம். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்கு வேண்டும் என்ற விதியைக் கீழ்நிலை நீதிமன்ற நியமனங்களுக்கு 2013-இல் ஜனநாயகக் கட்சியும், உச்ச நீதிமன்றத்துக்கு 2017-இல் குடியரசுக் கட்சியும் ஒழித்தன. ஆனாலும் அதை அவர்கள் எல்லோரும் பார்க்க வாக்களித்து, பெயர் பதிவாகச் செய்யவேண்டியிருந்தது. கார்லண்டுக்கு அந்த வாக்கெடுப்புகூடக் கிடைக்கவில்லை.

அதிபர் தேர்தல் ஆண்டான 2028-இல் உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியாகுமா, அப்போது யார் கை ஓங்கியிருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. தேர்தல் ஆண்டில் எந்தத் தேதிவரை வரும் பரிந்துரைக்கு விசாரணை உண்டு, எத்தனை நாளில் வாக்கெடுப்பு என்று இப்போதே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். காத்திருப்பதோ உடனே நடத்துவதோ, எதுவானாலும் சரி. இரு கட்சியும் அதில் கையெழுத்துப் போடட்டும்.