மருந்துக்குக் கேட்காத இலைக்கருகல்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது சம்பா, தாளடி வயல்களில் பாக்டீரியா இலைக்கருகல் தலைகாட்டும். நுனியிலிருந்து இலை ஓரம் மஞ்சளாகி, அலை அலையாகக் காயும். காலை வேளையில் இலைமேல் மஞ்சள் நிறச் சிறு துளிகள் தெரியும். உடனே ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த மருந்தைத் தெளிப்பது பல ஆண்டுப் பழக்கம். கேட்காவிட்டால் அளவைக் கூட்டி மறுபடியும் தெளிப்பார்கள்.

ஏன் கேட்பதில்லை? விடை அந்த மஞ்சள் துளியில் இருக்கிறது. அது பாக்டீரியாவும் அது சுரக்கும் சர்க்கரைப் பசையும் சேர்ந்த கலவை. இப்படிப் பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் அமைப்பே பயோஃபிலிம் என்னும் உயிரிப்படலம். இலையின் நீர்க்குழாய்களை அடைப்பதும் இந்தப் பசைதான். பசைக்குள் மருந்து முழு அளவில் இறங்குவதில்லை. வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு உறங்கும் செல்கள் தப்பிப் பிழைக்கின்றன. நெருங்கி வாழ்வதால் எதிர்ப்புத் தன்மைக்கான மரபணுவும் எளிதில் கைமாறுகிறது.

இது நெல்லோடு முடியும் சங்கதி அல்ல. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கும் தரப்படும் மருந்து. வயலில் தெளித்தது மண்ணிலும் வாய்க்கால் நீரிலும் சேர்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களையும் பழக்கப்படுத்துகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேரி மரங்களைத் தாக்கும் கருகல் நோய்க் கிருமி இம்மருந்தை எதிர்த்து நிற்பது 1971-லேயே தெரியவந்தது. உலகில் 2019-ல் மட்டும் மருந்து எதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்த இரு மருந்துகளையும் 2024 ஜனவரி 1 முதல் பயிர்களில் அறவே நிறுத்த, மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. நோக்கம் சரியானது. ஆனால், நோய் கண்ட விவசாயி முதலில் போய் நிற்பது மருந்துக்கடையில்தான். மாற்று வழி அவர் கைக்கு எட்டாதவரை ஆணை காகிதத்திலேயே இருக்கும். விரிவாக்கப் பணியாளர்கள் நாற்றங்கால் பருவத்திலேயே வயலுக்கு வர வேண்டும்.

மாற்று வழிகள் உண்டு. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனஸ் கலந்து விதைநேர்த்தி செய்யலாம். இந்த நன்மை செய்யும் பாக்டீரியாவும் வேரில் உயிரிப்படலம் அமைத்தே பயிரைக் காக்கிறது. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளக் கூடாது. கிள்ளிய காயம் வழியே கிருமி நுழையும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுங்கள். நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். நோய் தென்பட்டதும் ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை, புதிய சாணத்தைக் கரைத்துத் தெளியவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். இந்நோயைத் தாங்கும் 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' போன்ற ரகங்களும் இருக்கின்றன.

இவை எல்லாம் நோய் வருமுன் காக்கும் வழிகள், வந்தபின் பரவாமல் தடுக்கும் வழிகள். இலை கருகிய பிறகு எந்தத் தெளிப்பும் அதைப் பச்சையாக்காது. அந்தச் செலவை விதைநேர்த்தியில் போடுவதே லாபம்.