கூட்டுழைப்பும் பொறியியல் மாணாக்கரும்

2010-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி15 ராக்கெட்டு, கார்ட்டோசாட்-2பி என்னும் பெரிய செயற்கைக் கோளுடன் சிறு பெட்டியொன்றையும் விண்ணில் சேர்த்தது. அதன் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஸ்டட்சாட் எனப் பெயரிய அதனை ஆக்கியோர், கர்நாடகத்தையும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தையும் சேர்ந்த 7 பொறியியல் கல்லூரிகளின் இளநிலை மாணாக்கராவர். தரை நிலையம் பெங்களூருவில், நிட்டே மீனாட்சி தொழில்நுட்பக் கல்லூரியில் அமைந்தது.

இத்தகைய கலத்தில் உபதேசத்திற்கு வேலையில்லை. மின்கலத்தைப் பொறுப்பேற்றவர் 20 கிராம் கூட்டினால், சட்டத்தை அமைப்பவரோ காமிராவைப் பொருத்துபவரோ 20 கிராம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பேசாமலிருந்தால் பெட்டி மூடாது. பொருளே ஆசிரியனாகி விடுகிறது.

நமது கல்லூரிகளில் வழக்கமாக நடைபெறும் இறுதியாண்டுத் திட்டவேலையோ வேறு வகையது. நால்வர் பெயர் அட்டையில் இருக்கும், ஒருவன் உழைத்திருப்பான், ஏனையோர் அறிக்கையைக் கட்டும் செலவில் பங்கு கொண்டிருப்பர். 2014-இல் இந்தியா முழு உறுப்பினராகச் சேர்ந்த வாஷிங்டன் உடன்படிக்கை, பொறியியல் பட்டதாரிக்கு வேண்டிய தகுதிகளுள் குழுவாகப் பணியாற்றும் திறனையும் வைத்துள்ளது. அதனை ஒருநாள் சொற்பொழிவால் நிறைவேற்றிவிட்டதாகக் கருதுவது கண்துடைப்பேயாகும்.

தனித்தனியே தேர்ந்த வல்லுநராயிருத்தல் மட்டும் போதாது என்பதற்குச் சான்று வேண்டுமாயின், 1999 செப்டம்பரில் செவ்வாயருகே அழிந்த அமெரிக்க விண்கலத்தைக் கூறலாம். ஒரு சாரார் உந்துகையை பவுண்டுக் கணக்கில் தந்தனர். மறு சாரார் நியூட்டன் கணக்காகக் கொண்டனர். இரு சாராரும் கணக்கில் வல்லவரே.

செயற்கைக் கோள் செய்யும் வசதி எல்லாக் கல்லூரிக்கும் வாய்க்காது; வேண்டியதுமில்லை. நீர்த்தொட்டியின் மட்டத்தை அறியும் கருவியை ஒரு குழுவும், பம்பை இயக்கும் விசையமைப்பை மற்றொரு குழுவும் செய்யட்டும். இரண்டையும் இணைக்கும் கம்பியில் எத்தனை வோல்ட்டு வரும் என்பதை முதல் வாரத்திலேயே அலகுடன் எழுதி இரு குழுவினரும் கையொப்பமிடவேண்டும். பாதி வழியில் தலைவனை மாற்றுவதும் நன்று.

கெட்டிக்கார மாணாக்கனின் மதிப்பெண் பிறரால் குறையும் என்ற ஆட்சேபணை எழும். அது நியாயமானதே. ஆகவே மதிப்பெண்ணில் ஒரு பாதியைத் தனித்தேர்வுக்கு ஒதுக்கலாம்; ஆனால் அத்தேர்வில், கருவி செய்தவனிடம் பம்பைப் பற்றியும் பம்பு செய்தவனிடம் கருவியைப் பற்றியுமே கேட்கவேண்டும்.