எதிர் சீட்டில் ஆள் வர்றாங்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் நானும் தங்கமணியும் பையனும் பிரியாணி தின்றுகொண்டிருந்தோம். நான்கு பேர் உட்காரும் மேசை. நாலாவது முக்காலியில் எங்கள் காய்கறிப் பை உட்கார்ந்திருந்தது. கையில் தட்டோடு ஒரு தம்பி வந்து நின்றார். கட்டுமான வேலை செய்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தூணோரமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

"அப்பா, அந்த அங்கிள் ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடறார்?" என்றான் பையன்.

எனக்குப் பதில் தெரியும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். நான் சொல்லவில்லை. அப்படி எப்போது மாறிப்போனேன் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் இப்படி இல்லை. அதற்கு நான் காரணமில்லை, ஒரு கட்டடம் காரணம்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 2004-ல் பொட்டி தட்டும் வேலை கிடைத்து திருவனந்தபுரம் போனேன். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க். 1990-லேயே ஆரம்பித்துவிட்டார்கள், பெங்களூருக்கும் சென்னைக்கும் அந்தப் புகழெல்லாம் வருவதற்கு முன்னாலேயே. மதுரைக்காரனுக்குத் திருவனந்தபுரம் வெளிநாடா என்று நீங்கள் சிரிக்கலாம். நியாயம்தான். சாலை பஜாருக்குள் போனால் பாதிக் கடையில் தமிழ் கேட்கும். பக்கத்திலிருக்கும் கன்னியாகுமரி மாவட்டமே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. ஆனால் 23 வயதில், வீட்டை விட்டு முதல்முறை வெளியே போனவனுக்கு அது வெளிநாடுதான் சாமி. முதல் நாள் மெஸ்ஸில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார்கள். எந்த ஊரில் வெள்ளம் என்று பதறிவிட்டேன். தண்ணீராம். அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில், பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்தது.

சனிக்கிழமை ஆனால் தம்பானூர். ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன், எதிரே பஸ் ஸ்டாண்ட், அதை ஒட்டினாற்போல இந்தியன் காபி ஹவுஸ். பார்த்தவர்கள் மறக்கமாட்டீர்கள். செங்கல்லில் ஒரு வட்டக் கோபுரம், உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டு போகும், சாய்தளமாக. வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசையும் பெஞ்சும், கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியது. இழுக்க முடியாது, தள்ள முடியாது, மூலையில் ஒரு குட்டி மேசையாகப் பார்த்து ஒதுங்கவும் முடியாது. ஒற்றை ஆளாகப் போனால் கூட்ட நேரத்தில் நிச்சயம் யாராவது எதிரே உட்காருவார்கள். அல்லது நீங்கள் யாருக்காவது எதிரே போய் உட்கார வேண்டும்.

வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்த ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சீனாவில் மருத்துவச் சேவை செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காக பம்பாயில் காத்துக்கிடந்தபோது காந்தியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புதான் அவரை இந்தியா பக்கம் இழுத்தது. 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார். கப்பல் நேரத்துக்கு வந்திருந்தால் தம்பானூரில் அந்தக் கோபுரம் இருந்திருக்காது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

காபி ஹவுஸின் கதையும் சாதாரணக் கதையில்லை. காபி போர்டு நடத்திய கடைகளை 1950-களில் மூட ஆரம்பித்ததும் வேலை போன தொழிலாளிகள் ஏ.கே. கோபாலனின் முயற்சியில் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். கேரளாவில் முதல் கடை 1958-ல் திருச்சூரில். வெள்ளை உடுப்பும் விசிறித் தலைப்பாகையுமாக காபி கொண்டுவருபவரும் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்தான். அதனாலோ என்னவோ, "சீக்கிரம் எழுந்திரு, ஆள் நிக்குது" என்ற பார்வை அங்கே கிடையாது. ஒரு காபியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரே வந்தவர்களை எண்ணினால் முடியாது. ஓய்வுபெற்ற ஒரு கிளார்க் பில் சீட்டின் முதுகில் எனக்கு மலையாள எழுத்து எழுதிக் காட்டினார். இன்றைக்கும் நான் மலையாளம் படிப்பது அவர் புண்ணியத்தில்தான். சவுதிக்கு முதன்முறை போகும் ஒரு நர்ஸ் பெண்ணும் அவள் அப்பாவும் ஒருநாள் வந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தன் கட்லெட்டை அவள் தட்டுக்குத் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். மறுபடியும் தள்ளினார். "ரயில் டிக்கெட் தொலைஞ்சுபோச்சு சார்" என்று 200 ரூபாய் வாங்கிப்போன ஒரு மனுஷர், அடுத்த மாதம் அதே மேசையில் என்னிடமே அதே கதையை ஆரம்பித்ததும் உண்டு. என் முகம் ஞாபகமில்லை பாவம் :)

ஆனால் நான் சொல்ல வந்தது அண்ணாச்சியைப் பற்றி.

2005 ஜூன், நல்ல மழை. எனக்கு எதிரே ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். மெனு மலையாளத்திலும் இங்கிலீஷிலும். என் தட்டைக் காட்டி அதையே கேட்டார். மசாலா தோசை. வந்ததும் பிய்த்தார், உள்ளே செக்கச்செவேலென்று மசாலா. கேரள காபி ஹவுஸ்களில் பீட்ரூட் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாது. தட்டை அப்படியே தள்ளிவைத்தார்.

"அது பீட்ரூட்டுங்க அண்ணாச்சி, ஒண்ணும் பண்ணாது."

தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார். "தெரியும் தம்பி. இந்த நெறம்தான்... மூணு நாளா ஆஸ்பத்திரியில பாத்தது போதும்னு இருக்கு."

என் கட்லெட்டைத் தரலாமென்று பார்த்தால் அதற்குள்ளும் பீட்ரூட். அப்பம் வரவழைத்தேன். அது வருவதற்குள் மெதுவாகச் சொன்னார். சங்கரன்கோவில் பக்கம், தறி வேலை. சம்சாரத்துக்கு வயிற்றில் கட்டி. மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். மகளை ரயிலேற்றிவிட்டு இப்போதுதான் வருகிறார், அவளுக்குக் கைக்குழந்தை.

திருவனந்தபுரத்துக்கு இது புதிதில்லை. ஸ்ரீசித்திரா இருக்கிறது, 1981-ல் தொடங்கிய வட்டாரப் புற்றுநோய் மையம் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து ஜனங்கள் சென்னைக்குப் போவதைவிட இங்கே வருவது சுலபம். மெடிக்கல் காலேஜ் ஜங்ஷனில் பாய், பக்கெட், பிளாஸ்க்கோடு நிற்கும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

"தம்பி, ஒரு விஷயம். பைஸ்டாண்டர் யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. அப்பிடின்னா என்ன?"

கேரள ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவருக்கு அதுதான் பெயர். "நீங்கதான் அண்ணாச்சி பைஸ்டாண்டர்" என்றேன். "நாந்தானா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். மூன்று நாளாக யாரோ ஒரு பெரிய டாக்டரைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் சர்க்கரை வியாதிக்காரர், ஊசி போடுபவர், அவரிடம் எடுக்கமாட்டார்கள். "ஊர்லன்னா தெருவே வரும். இங்கன யாரைத் தெரியும் எனக்கு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, சும்மா சொன்னார். அதைத்தான் மறக்க முடியவில்லை. அப்பம் வந்தது. சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை நானும் என் அறைத்தோழன் பாலக்காட்டுக்காரனும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வீரமெல்லாம் ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை, ஜூஸ் கொடுத்தார்கள். ஆபீஸில் ஆணி அதிகம் என்று அடுத்த வாரம் போகவில்லை, அதற்கடுத்த வாரம் போனேன். அந்தக் கட்டிலில் வேறொரு அம்மா. அவருடைய பைஸ்டாண்டர் என்னைப் பார்த்து, "அவங்க வீட்டுக்குப் போயாச்சு" என்றார். அந்த மாதிரி வார்டில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எந்த அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அண்ணாச்சியின் ஊர்ப்பெயரைக்கூட நான் சரியாக வாங்கிவைக்கவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள், "அதெல்லாம் ரயில் சிநேகம்டா" என்கிறார்கள். இறங்கியதும் முடிந்துபோவது, அதற்கு மேல் மதிப்பில்லை என்று அர்த்தம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அண்ணாச்சிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது வாழ்நாள் சிநேகம் இல்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம், ஒரு தட்டு அப்பம், இரண்டு யூனிட் ரத்தம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சங்கரன்கோவிலில் இருந்தார்கள். தெரியாதவன் ஒருவன்தான் கொடுத்திருக்க முடியும்.

அந்த மேசையில் அப்படி என்ன இருந்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது, காத்திருத்தல். ஆர்டர் சொல்லிவிட்டுத் தட்டு வரும்வரை பத்து நிமிஷம் எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். என்னிடம் இருந்தது நோக்கியா 1100. அதில் பாம்பு விளையாட்டு எத்தனை நேரம் விளையாடுவது?

சிங்கப்பூரிலும் மேசையைப் பகிர்ந்துகொள்கிறோம். இந்த ஊர் உணவங்காடிப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்த்தார்கள். டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம்பிடிப்பார்கள், மீதி இடத்தில் முன்பின் தெரியாதவர் வந்து உட்காருவார், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் தட்டோடுதான் வருகிறோம், தின்கிறோம், 2021-லிருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் சட்டம் பாயும் என்பதால் ஒழுங்காக வைத்துவிட்டுப் போகிறோம். நடுவில் அந்தப் பத்து நிமிஷம் இல்லை. இருந்தாலும் கைப்பேசி தின்றுவிடும்.

இது ஊரின் தப்பு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், ஆனால் முடியவில்லை. நம் வீடுகளில் பொங்கல் என்றால் அதே பன்னிரண்டு குடும்பம், தீபாவளி என்றால் அதே பன்னிரண்டு குடும்பம், அதே வெஜ் பிரியாணி, அதே பள்ளிக்கூடப் பேச்சு. வெளியே பக்கத்து மேசையில் தமிழ் கேட்டால் நம்மாள் என்ன செய்கிறார்? காதைத் தீட்டிக்கொள்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், பிள்ளையிடம் டக்கென்று இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். நானும்தான்.

தங்கமணி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். "பேச்சுக் கொடுத்தா சோப்பும் விட்டமின் மாத்திரையும் விக்க வருவாங்க." உண்மை. "சார் தமிழா?" என்று ஆரம்பித்து இரண்டு பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் சங்கிலித் தொழிலில் சேரச்சொல்லிப் படுத்தினார்கள். தெரியாத ஆளிடம் பெண்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தேக்காவில் அன்றைக்குத் தட்டோடு நின்ற தம்பி எதையும் விற்க வரவில்லை. ஆறு நாள் விடிகாலையில் கட்டிக்கொடுத்த ஆறிப்போன சோற்றை வேலையிடத்தில் தின்றுவிட்டு, ஏழாவது நாள் சூடாக ஒரு தட்டு வாங்கியிருப்பார். நான் பயந்தது விட்டமின் மாத்திரைக்கு இல்லை. அவர் சட்டைக்கும் எங்கள் சட்டைக்கும் இருந்த வித்தியாசம்தான் காரணம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு என்ன கவலை இருந்ததோ தெரியாது. ஒருவேளை ஒன்றுமே இருந்திருக்காது. ஒரு காகிதம் சட்டைப் பையில் இருந்திருக்கவும் கூடும்.

போன ஞாயிறு மறுபடியும் தேக்கா. பையை மடியில் வைத்துக்கொண்டேன். கீரை வழிந்து பேண்ட் முழுக்க ஈரம், தங்கமணி முறைப்பு வேறு. நாலாவது முக்காலியில் யார் வரப்போகிறார்கள் என்று பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சீனப் பாட்டி வந்து உட்கார்ந்தார். மீன் உருண்டை நூடுல்ஸை நிதானமாகச் சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்திருக்கும்போது பையன் பிரியாணியில் ஒதுக்கிவைத்திருந்த முட்டையைக் காட்டி, சாப்பிடு என்று கையால் சாடை காட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் மூன்று மாதமாகச் சொல்லிக் கேட்காதவன், சாப்பிட்டான்.